கொண்டு வந்ததை மட்டும்

என்னிடம் முட்டாள்தனங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் கொஞ்சம் முன்னால் நான் செய்த வேலைக்கு நிகராக ஒன்று கல்முனைக் கரையில் இன்னும் நடக்கவில்லை என்று எங்கள் முதலாளி சத்தியம் பண்ணுவார். கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டில் இருந்த கணினியோடு அன்றைக்கு நாங்கள் தொடர்பில் இருந்தோம். அந்தத் தொடர்பே ஒரு டனல் வழியாகத்தான். சோதனை முடிந்தது, குப்பையை அள்ளிவிடுவோம் என்று, அந்தக் கணினியில் டனல் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் நான் கழற்றினேன். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும். திரை அப்படியே உறைந்து நின்றது. மரப்பாலத்தின் நடுவில் நின்று, காலடியில் இருந்த பலகைகளைக் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று பெருமையோடு நிமிர்ந்தவன் நான்.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை வைத்துவிட்டு வந்து, "அங்க போய் பட்டன அமத்த ஆள் இல்லையாம். திங்கக்கிழமதானாம் வருவாங்க. இண்டைக்கு நல்லாத் தொழு" என்றார்.

பக்கத்து மேசையில் இருந்தவர் எழுந்து வந்து என் திரையைப் பார்த்தார்.

"வரக்குள்ள என்ன இருந்திச்சி எண்டு பாத்தியா தம்பி?"

"இல்ல காக்கா."

"அப்ப போகக்குள்ள எதக் கழட்டுறெண்டு எப்பிடித் தெரியும்?"

கேட்டுவிட்டுப் போய்த் தன் கதிரையில் உட்கார்ந்துகொண்டார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அலுவலகத்தில் எனக்கு அவர் காக்கா, அதாவது அண்ணன். பிறகு என் அக்காவை, எங்கள் பேச்சில் ராத்தாவை, கட்டி மச்சான் ஆனார். பிறகு ராத்தாவை விட்டுப் போனார். அவரை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர நான் ஒரு ஓட்டம் ஓடினேன், அதையும் சொல்வேன். ஆனால் இப்போது வீதியில் கண்டால் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்கு விளங்கவில்லை. முறையே தெரியாத ஆளுக்குப் பெயர் எதற்கு.

எங்கள் அலுவலகம் சாய்ந்தமருதில், பிரதான வீதியில் ஒரு சாரன் கடைக்கு மேல்மாடி. வெளிநாட்டுக் கம்பனிகள் எழுதுகிற வலையமைப்பு மென்பொருள்களைச் சோதித்துக் கொடுப்பது வேலை. டனல் என்றால் மண்ணைத் தோண்டுகிற டனல் இல்லை. இரண்டு கணினிகளுக்கு நடுவே, இணையத்துக்குள்ளேயே போடுகிற ஒரு தனிப்பாதை. வெளியாருக்கு உள்ளே போவது தெரியாது. பாதையைப் போடு, சரக்கை அனுப்பு, வந்து சேர்ந்ததா என்று பார், பாதையை மூடு. இதை மனிதர் உட்கார்ந்து செய்வதில்லை. நாங்கள் எழுதிவைத்த நிரல்கள் தாமாகவே ஒன்றுக்குப் பின் ஒன்றாக நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கும். நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்போம். உம்மாவுக்கு என் தொழிலை விளக்கியபோது, "அப்ப மெசின் வேல செய்யிது, நீ ஏன் களைச்சிப்போய் வாறாய்?" என்று கேட்டா. பதிலை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டனல் போட வேண்டுமென்றால் கணினியின் அடிவயிற்றில் இருக்கிற கேர்னலுக்குள் சில துண்டுகளைப் பொருத்த வேண்டும். மொடியூல் என்போம். கல்யாண வீட்டுக்குப் பந்தல்காரர் கதிரை, மேசை, ரியூப் லைட் எல்லாம் கொண்டு வருகிறாரே, அந்த மாதிரி. கல்யாணம் முடிந்தால் அவர் கழற்றிக்கொண்டு போக வேண்டும். போகாவிட்டால், எங்கள் தொழிலில், அடுத்த சோதனை பொய் சொல்லத் தொடங்கும். தனக்குத் தேவையான துண்டைக் கொண்டுவர மறந்த நிரலும், போன சோதனை விட்டுப்போன கதிரையில் ஏறிக் குந்திக்கொண்டு 'பாஸ்' என்று சொல்லும். அதற்காக, வீட்டுக்காரருடைய சொந்தக் கதிரைகளையும் பந்தல்காரர் லொறியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. அந்த வெள்ளிக்கிழமை நான் ஏற்றியது அதைத்தான்.

அவருடைய நிரல்கள் அப்படி இல்லை. ஒன்றைத் தொடுவதற்கு முன்னால், இங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்க்கும். பிறகு வேலை. முடிந்ததும் தான் கொண்டு வந்ததை மட்டும், கடைசியாகப் பொருத்தியதை முதலில் என்ற வரிசையில், ஒவ்வொன்றாகக் கழற்றும். இடையில் சோதனை தோற்றாலும், நிரலே செத்து விழுந்தாலும், விழுகிற அந்த நேரத்திலும் அதைச் செய்துவிட்டுத்தான் விழும். ஒரு மொடியூலை வேறொன்று பிடித்துக்கொண்டிருந்தால் கேர்னல் கழற்ற விடாது, பாவனையில் இருக்கிறது என்று சொல்லும். அதையும் மீறி இழுக்கிற கட்டளை ஒன்று உண்டு. எனக்கு அது மிகவும் பிடிக்கும். நான் அதைத் தட்டெழுதத் தொடங்கினால் எப்படித்தான் தெரியுமோ, அங்கிருந்தே சொல்லுவார்:

"இழுக்காத தம்பி. ஆரோ புடிச்சிக்கிட்டு இரிக்காங்க. ஆரெண்டு முதல் பாரு."

கணினியில் மட்டும் இப்படி ஒரு மனிதர் என்றால் நான் இதை எழுத வந்திருக்க மாட்டேன். அலுவலகத்தில் தொழுவதற்கு ஒரு பாய் இருந்தது. யாரோ அவசரத்தில் அதைக் கோணலாகச் சுருட்டி வைத்திருந்தால், அவர் விரித்துத் தொழுதுவிட்டு அதே கோணலில் திரும்பச் சுருட்டி வைப்பார். ஒரு நாள் என் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு மருதமுனையில் இருந்த தன் வீட்டுக்குப் போய் வந்தார். நான் கொடுத்தபோது பெற்றோல் முள்ளு எங்கே கிடந்ததோ, திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் கிடந்தது, கிட்டத்தட்டக் காலி.

"காக்கா, கொஞ்சம் கூட அடிச்சிருந்தா நான் ஒண்டும் கோவிச்சிருக்க மாட்டன்."

"நான் எடுக்கக்குள்ள இருந்த மாதிரித் தந்திரிக்கன்."

"அதத்தான் சொல்லுறன்."

அவருக்கு விளங்கவில்லை. நான் பகிடி விடுகிறேன் என்பதை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் உடனே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

ஒரு அறுவடைக் காலம் முடிந்த கையோடு முதலாளி எங்களை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சவளக்கடைப் பக்கம், வயலுக்கு நடுவில் ஒரு வாடி. ஓலை வேய்ந்த காவல் குடிசைதான், ஆனால் பக்கத்தில் வாய்க்கால், ஒரு மருத மரம், நல்ல காற்று. வயல் சொறிக்கல்முனை ஐயா ஒருவருடையது. முதலாளிக்கு அவரோடு நெல்லு வியாபாரத்தில் பழக்கம். "நான் இல்லாட்டியும் நீங்க வந்து சமைச்சித் தின்னுங்க தம்பி, உங்கட வாடிதானே" என்று சொல்லியிருந்தார். போனோம். புரியாணி ஆக்கினோம். வாய்க்காலில் விழுந்து குளித்தோம். நான் நீந்திக் காட்டுகிறேன் என்று சொல்லி, முழங்கால் அளவுத் தண்ணீரில் தாழப் பார்த்தேன். பின்னேரம் எல்லாரும் மரத்தடியில் சரிந்து கிடக்க, காக்கா மட்டும் வேலை செய்துகொண்டிருந்தார். அடுப்புக்கு வைத்த கற்களை எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார். சேற்றில் கவிழ்ந்து கிடந்த கல்லைக் கவிழ்த்தே வைத்தார். சாம்பலை அள்ளினார். கோழித் தூவலைப் பொறுக்கினார். நாங்கள் மிதித்துச் சரித்த புல்லைக்கூட நிமிர்த்திவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது.

அடுத்த நாள் ஐயா போன் எடுத்தார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன தம்பி, வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராம விட்டுட்டீங்க?"

"வந்த நாங்களே ஐயா. சமைச்சித் திண்டுபோட்டுத்தான் வந்த."

"எங்க தம்பி திண்டீங்க? நான் காலத்தால போய்ப் பாத்தன். அடுப்பெரிஞ்ச பாடு இல்ல. ஒரு எலும்புத் துண்டு இல்ல. வர மனமில்லாட்டிச் சொல்லியிருக்கலாம், நான் என்ன செய்யப்போறன்."

போட்டோ எடுத்ததை அனுப்பிய பிறகுதான் நம்பினார். நம்பிய பிறகும் குரலில் ஒரு சுருக்கம் இருந்தது. "வீட்டுக்கு வந்த மனிசர் ஒரு பானைய உருட்டிப்போட்டாவது போறேல்லையா? நாங்களும் வந்தாங்க எண்டு நினைப்பமே" என்று சொல்லி வைத்தார்.

காக்கா தன் மேசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, "சுத்தமா விட்டது குத்தமா தம்பி?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் ஒரு பகிடியை விட்டுத் தப்பினேன்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் அவரை என் ராத்தாவுக்குப் பேசியது நான்தான். வாப்பா மௌத்தான பிறகு வீட்டில் ஆண்பிள்ளை என்று இருந்தது நான் ஒருவன். ஆகவே, வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. ராத்தா பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவ. குறைவாகக் கதைப்பா, கதைத்தால் விடை சரியாக இருக்கும். உம்மா என்னைக் கூப்பிட்டு வைத்து விசாரித்தா.

"ஆள் எப்பிடி மகன்?"

"உம்மா, அவர் போன இடத்துல ஒரு தூசி அசையாது."

"அப்பிடி ஒருத்தர்தான் வேணும். போன இடமெல்லாம் தூள் பறக்குற ஒருத்தன் இந்த வீட்டுக்குப் போதும்."

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். கட்டில் அவளுடையது, கிணறு அவளுடையது, முற்றத்துத் தென்னை அவளுடையது. ஆண்பிள்ளை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலால் ஏறுவான். ஏறின அன்றைக்கு மாப்பிள்ளை. போகப் போக அந்த வீட்டில் சத்தம் போடுகிற ஆள் ஆகிவிடுவான். எந்த மாமியும் இதற்கு வழக்குப் போட்டதில்லை. நானும் ஒருநாள் பெட்டியோடு யாருடைய வாசலிலாவது ஏற வேண்டியவன்தான். இன்னும் ஒருத்தரும் கேற்றைத் திறக்கவில்லை.

அவர் ஒரு மண்ணிறப் பெட்டியோடு ஏறினார். ஏறியவர் அதை முழுசாகத் திறக்கவே இல்லை.

முதல் கொஞ்ச நாள் உம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மருமகன் தின்ற கோப்பையைத் தானே கழுவி, எடுத்த அடுக்கில் எடுத்த இடத்தில் வைக்கிறார். கட்டில் விரிப்பு, ஆள் படுத்ததே தெரியாமல் கிடக்கிறது. அயலில் உள்ள பெண்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பொறாமை மூட்டினா. மணிக்கூடு மாட்டுவதற்குச் சுவரில் ஒரு ஆணி அடித்துத் தரச் சொன்னபோதுதான் உம்மா முதலில் தடுமாறினா. அவர் ஆணி அடிக்கவில்லை. ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டி மணிக்கூட்டைத் தொங்கவிட்டார். காற்றடித்தால் நேரம் சுவரில் மோதும்.

"ஒரு ஆணிதானே மகன்?"

"சுவர் ஓட்டையாப்போகும் மாமி."

"நம்மட சுவர்தானே?"

அவர், அந்த 'நம்மட' எந்தப் பக்கம் போய் விழுந்தது என்று தேடுகிறவர் போல் நின்றார்.

ராத்தா தன் சம்பளத்தில் அவருக்கு ஒரு அலுமாரி வாங்கினா. கண்ணாடி வைத்தது, தேக்கு. அவர் அதைத் துடைத்தார், பாராட்டினார். உடுப்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்தார். அலுமாரி காலியாக நிற்க, அதற்குப் பக்கத்தில் தரையில் பெட்டி இருந்தது. நான் இதை ஒரு நல்ல பகிடியாக மாற்றி ராத்தாவிடம் சொன்னேன். அவ சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டி பூட்டுற சத்தம் கேட்டுத்தான் நான் ஒழும்புறன்" என்றா. "போறதுக்கு வெளிக்கிடுற ஆள்ற சத்தம்."

அவர் கெட்டவர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் எல்லாரும் கெட்டதைத்தான் தேடினார்கள். ராத்தாவுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தை விட்டு அசைய மாட்டார். பின்பக்கத்துத் தண்ணீர்க் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, கீழே எப்போதும் ஒரு வாளி இருக்கும். புதுசு வாங்கிப் பூட்டினார். பின் விறாந்தையில் மங்கலாக எரிந்த பல்பை மாற்றினார். கழற்றிய பழைய குழாயையும் பழைய பல்பையும் எறியவில்லை, எங்கோ எடுத்து வைத்தார். சிக்கனமான ஆள் என்று உம்மா அதற்கும் சந்தோசப்பட்டா.

பிள்ளை கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவர்கள் இருவரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கதைத்தார்களா என்பதும் தெரியாது.

ஹஜ் பெருநாளுக்கு வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிற கதை வந்தது. காலைச் சாப்பாடு. ராத்தா நிறங்கள் உள்ள மட்டையை அவருக்கு முன்னால் வைத்தா.

"இதுல எது?"

"உங்களுக்குப் புடிச்சதப் பாருங்க."

"உங்களுக்கு எது புடிச்சிரிக்கி?"

"இரிக்கிற நிறமே நல்லந்தானே."

ராத்தா மட்டையை மடித்தா. "இஞ்ச ஒண்டும் உங்களுக்கு வேணாமெண்டா போங்க" என்றா. சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கரும்பலகையில் அடுத்த வரியை எழுதுகிற மாதிரி.

"சரி" என்றார்.

நான் அப்போது புட்டில் வாழைப்பழம் பிசைந்துகொண்டிருந்தேன். வாய் நிறையப் புட்டு இருந்ததால் அன்றைக்கு என் வாயில் இருந்து ஒன்றும் வெளியே வரவில்லை. நல்லது. வெளியே வந்தது அந்த ஒரு சொல் மட்டும்தான், அது அவருடையது.

அடுத்த நாள் ராத்தாவும் நானும் வேலைக்குப் போன பிறகு அவர் லீவு போட்டு வீட்டில் நின்றார். உம்மா, மருமகன் வீட்டைத் திருத்துகிறார் என்று நினைத்து இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறா. கடைசியாக வந்ததை முதலில். தன் கணினிக்கு இழுத்த வயரைச் சுற்றினார். விறாந்தையில் நல்ல பல்பைக் கழற்றி, அந்த மங்கல் பல்பைப் பூட்டினார். பின்பக்கத்தில் புதுக் குழாயைக் கழற்றி, கடுதாசியில் சுற்றி வைத்திருந்த பழைய குழாயைத் திரும்பப் பூட்டினார். அது பழையபடி ஒழுகத் தொடங்கியது. அலுமாரியைத் தொடவில்லை, அது ஏற்கெனவே காலி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வாறன் மாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வந்தபோது உம்மா குழாய்க்குப் பக்கத்தில் நின்றா. அழவில்லை.

"கோவத்துல செஞ்சிருந்தா நான் சந்தோசப்பட்டிருப்பன்" என்றா. "பேசினா நானும் பேசலாம். இந்த மனிசன் வாளியயும் கொண்டுவந்து கீழ வச்சிப்போட்டுப் போயிரிக்காரு மகன், முந்தி வச்ச இடத்துல."

ராத்தா வந்தா. வீட்டைச் சுற்றிப் பார்த்தா. கட்டிலைப் பார்த்தா. ஒரு தலைமயிர்கூட இல்லை. கைகால் கழுவி, அஸர் தொழுது, பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தா.

விவாகரத்து விசாரிக்கிற காதியார் முன்னால் போனபோதும் அப்படித்தான். தலாக் சொல்வதற்கு முன் காதியார் இருவரையும் இருத்திக் கேட்டார்.

"சேந்து வாழ ஏலாதா மகன்?"

"அவ போகச் சொன்ன."

"சொன்னீங்களா புள்ள?"

"ஓம்."

அவ்வளவுதான். காதியாருக்கே கதைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. சண்டைகளைத் தீர்த்துப் பழகிய மனிதர். சண்டையே இல்லாத இடத்தில் என்ன செய்வார்.

எங்கள் அலுவலகத்தையும் அவர் விட்டார். கடைசி நாள் தன் கணக்குகளை எல்லாக் கணினிகளிலும் இருந்து தானே நீக்கினார். கதிரையின் உயரத்தைக்கூடப் பழையபடி இறக்கிவிட்டுப் போனார். "இவர் இஞ்ச வேல செஞ்சவரா எண்டு எனக்கே சந்தேகமா இரிக்கி" என்றார் முதலாளி. அவருடைய நிரல்கள் மட்டும் நின்று வேலை செய்துகொண்டிருந்தன. நான் வேலை இல்லாத நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வரும், சுற்றிப் பார்க்கும், பாதை போடும், கொண்டு வந்ததைக் கழற்றும், போகும். குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அதைப் பார்க்க ஒன்றுமே தோன்றாது. பல்லைப் பிடுங்கிய பிறகு மரத்துப்போன கன்னத்தை விரலால் குத்திப் பார்ப்பது போல் இருக்கும்.

தலாக் சொன்ன பிறகு இத்தா என்று ஒரு காத்திருப்புக் காலம் இருக்கிறது. அது முடிவதற்குள் புருசன் மனம் மாறித் திரும்பி வந்தால், புதிதாக நிக்காஹ் எழுதத் தேவையில்லை. விட்ட இடத்தில் இருந்து வாழலாம். முடிந்துவிட்டால் கதை வேறு. அந்தக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. ராத்தா லீவு போட்டு, பிள்ளைகளின் கொப்பிகளை மட்டும் வரவழைத்துத் திருத்திக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே இருந்தா. வீட்டில் இரண்டு பெண்களும் ஒரு ஒழுகுகிற குழாயும். குழாயை நான் மாற்றித் தருகிறேன் என்றேன், ராத்தா வேண்டாம் என்றா.

ஒரு நாள் துணிந்து கேட்டேன்.

"மச்சானக் கதைச்சிக் கூட்டிட்டு வரவா ராத்தா?"

அவ கொப்பியில் இருந்து தலையைத் தூக்கவில்லை. சிவப்புப் பேனை மட்டும் நின்றது.

"நான் போகச் சொன்ன. அவர் ஏன் எண்டு கேக்கல்ல."

"ஓம்."

"ஒரு தரம் ஏன் எண்டு கேட்டிருந்தா, நான் அந்த இடத்துலயே அழுதிருப்பன்டா."

நான் அவ அழுததைப் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை.

"வந்தா வாசலத் திறப்பியா?"

பேனை திரும்ப ஓடத் தொடங்கியது. "நீயாப் போனாப் போ. நான் அனுப்பின எண்டு மட்டும் சொல்லாத."

அதற்குப் பிறகு நான் ஏன் நிற்கிறேன். அடுத்த நாளே அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினேன். அங்கே ஒரு நெல் வியாபாரியின் கடைக்கு மேல் அறை எடுத்துத் தனியாக வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று பஸ் போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார். நான் வாய்விட்டுக் கதைத்திருக்க வேண்டும்.

அறை நான் எதிர்பார்த்தபடியே இருந்தது. ஒரு மேசை, ஒரு கதிரை, தரையில் பாய். சுவரில் ஒன்றும் இல்லை. பெட்டி மூடியிருந்தது. அவர் என்னைக் கதிரையில் இருத்திவிட்டுப் பாயில் இருந்தார். பால் விடாத பிளேன்டி ஊற்றித் தந்தார். உடம்பு மெலிந்திருந்தது. உம்மா சுகமா என்று கேட்டார். உன்னுடைய நிரல்கள் எப்படி என்று கேட்டார். இப்போதெல்லாம் வரும்போது என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன் என்றேன். தலையாட்டினார். பிறகு நான் ஒத்திகை பார்த்ததில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"இத்தா முடியப் போகுது மச்சான்."

"தெரியும்."

"அதுக்குள்ள வந்தா ஒண்டும் புதுசா எழுதத் தேவையில்லையாம். காதியார்ட்டக் கேட்டுட்டுத்தான் வந்த."

"அவ அனுப்பினதா?"

"இல்ல. நானா வந்த." பொய் சொன்னால் எனக்குக் காது சிவக்கும். சிவந்தது. அவர் காதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

"அவ போகத்தானே சொன்ன" என்றார்.

"நீங்க நிக்கணும் எண்டுதான் போகச் சொன்ன மச்சான்."

விளங்காத பிழைச் செய்தி ஒன்றை வாசிக்கிறவர் போல் என்னைப் பார்த்தார். பகிடியா என்று முகத்தில் தேடினார். இல்லை என்று கண்டுகொண்டார். கீழே கடையில் நெல் மூடைகளை இறக்கினார்கள். ஒவ்வொரு மூடை விழும்போதும் தரை லேசாக அதிர்ந்தது. அவர் எழுந்து ஜன்னலடிக்குப் போனார். கையை ஜன்னல் கம்பியில் வைத்தார், எடுக்கவில்லை. அவ்வளவு நேரம் அவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை. வரப் போகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு இரண்டு டிக்கட் எடுக்கச் சில்லறை இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவிக்கூடப் பார்த்தேன்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூடி இருக்கத் தெரிந்தால் நான் நானில்லை. கடைசியாக ஒரு தள்ளுத் தள்ளிவிடுவோம் என்று, "ராத்தா அங்க தனிய இரிக்கா மச்சான்" என்றேன்.

அவர் திரும்பாமலே சொன்னார்.

"நான் இரிக்கக்குள்ளயும் தனியத்தானே இருந்தா."